கடலோரத்திலிருந்து கணினிக் கல்விக்கு: மண்டபம் வட்டாரப் பெண்களின் தொழில்நுட்பப் படிப்பு வரலாறு

இராமநாதபுரம் மாவட்டத்தின் நிலப்பகுதி கடலுக்குள் குறுகி நீண்டு முடியும் இடத்தில், வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ அமைந்திருக்கும் மண்டபம், சிறிய ஊராயினும் தென்னிந்தியக் கடலோர வரலாற்றின் பல நிகழ்வுகளுக்கு வாசலாக இருந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1902இல் இவ்வூரை எட்டியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரம் தீவும், தனுஷ்கோடி வழியாக இலங்கையும் இதனோடு இணைந்தன. இலங்கையின் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதிவுசெய்து, நோய்த்தடுப்புக் காவலில் வைத்துக் கப்பலேற்றிய இடமே ‘மண்டபம் முகாம்’ என்ற பெயரில் நிலைத்தது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1980களிலிருந்து இலங்கையில் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த தமிழர்களுக்கு முதற்புகலிடமாக அமைந்ததும் இதே முகாமே.

தொழிலாளர், அறிவியலார், அகதிகள் என இத்தனை பேர் கடந்துபோன இந்தக் கரையில், பெண்கள் தொழில்நுட்பக் கல்வியை, குறிப்பாகக் கணினி அறிவியலை, எப்போது எந்த வழியாக எட்டினர் என்ற வரலாறு தனி நூலாக எழுதப்படும் தகுதி உடையது. கணினி அறிவியல் என்பது கணினியை இயக்கப் பழகுவதோடு முடிவதில்லை; ஒரு சிக்கலைப் படிப்படியான கட்டளைகளாகப் பகுத்து, அவற்றை இயந்திரம் நிறைவேற்றும் நிரலாக எழுதுவதையும், தரவுகளை ஒழுங்குசெய்வதையும், அவ்வியந்திரத்தின் கட்டமைப்பையும் பயிலும் துறை அது. அத்தகைய துறைக்குள் ஒரு பெண் நுழைய அறிவு மட்டும் போதவில்லை. கல்லூரிக்குப் போய்வரும் தொலைவும், கட்டணத்தைச் சுமக்கும் கையும் சேர்ந்தே அவள் படிப்பை முடிவுசெய்தன. இந்தத் தொலைவையும் சுமையையும் பொதுக்கைகள் எப்போதெல்லாம் குறைத்தனவோ அப்போதெல்லாம் பெண்கள் வகுப்பறைக்கு வந்தார்கள் என்பதே இவ்வட்டாரத்தின் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகள் தெளிவாகச் சொல்லும் செய்தியாகும்.

கரையின் உழைப்பும் எழுத்தும்

மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் எனத் தொடரும் ஊர்களில் பெண்களின் உழைப்பு கடலோடு பிணைந்தது. ஆண்கள் பிடித்துவரும் மீனைத் தரம் பிரிப்பதும், கருவாடு காயவைப்பதும், கூடையில் சுமந்து விற்பதும் பெண்களின் பணியாக இருந்தன. பனையோலை முடைதலும் அவர்களுடையதே. பாம்பன் சின்னப்பாலம் போன்ற குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஆழம் குறைந்த கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கிடையே மூச்சடக்கிச் செய்யும் இவ்வேலை கடல் நீரோட்டத்தையும் பருவத்தையும் நுட்பமாகக் கணித்தறியும் அறிவைக் கோருவது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், அப்பெண்களின் வாழ்வாதாரப் பரப்பு சுருங்கியது. குடும்ப வருவாய் கடலின் நிலையையும் மீன்பிடித் தடைக்காலத்தையும், கடல் எல்லை கடந்ததாக இலங்கைக் கடற்படை செய்யும் கைதுகளையும் பொறுத்து ஏறியிறங்கும் இத்தகைய வீடுகளில், மகளின் படிப்பு முதலில் நிறுத்தப்படும் செலவாக நெடுங்காலம் இருந்துவந்தது.

எழுத்தறிவு இக்கரைப் பெண்களுக்கு முற்றிலும் அயலானதன்று. மண்டபத்துக்கு மேற்கே உள்ள கீழக்கரையில், தமிழை அரபு எழுத்துகளில் எழுதும் ‘அர்வி’ எனப்படும் அரபுத்தமிழ் மரபு செழித்திருந்தது; முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அவ்வெழுத்தில் சமய நூல்களையும் பாடல்களையும் கற்றனர். மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய ஆசியா உம்மா கீழக்கரையைச் சேர்ந்தவர். எனவே இவ்வட்டாரப் பெண்களிடம் குறைந்திருந்தது கற்கும் ஆற்றல் என்று கூற இடமில்லை; வீட்டுக்கு வெளியே, சான்றிதழும் வேலையும் தரக்கூடிய கல்விக்குச் செல்லும் வழியே அவர்களுக்கு அடைபட்டிருந்தது.

சென்னையில் திறந்த கதவும் இராமேசுவரத்தில் அடகுவைத்த நகையும்

தமிழகத்தில் பொறியியல் கல்வியின் கதவு பெண்களுக்குத் திறந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆகும். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் மின்பொறியியலில் சேர்ந்த அ. லலிதா, அதே கல்லூரியின் மின்பொறியியல் பேராசிரியர் பப்பு சுப்பாராவின் மகள். இளவயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் தந்தை வீட்டுக்குத் திரும்பியவர். அப்போது கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. சாக்கோவின் ஒப்புதலோடு அவர் சேர்க்கப்பட்டார். தனித்திருந்த அவருக்குத் துணையாக லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களாக வெளிவந்த இம்மூவரில் திரேசியா பின்னாளில் கேரள மாநிலத் தலைமைப் பொறியாளரானார். லலிதா 1964இல் நியூயார்க்கில் கூடிய பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் மாநாட்டில் பங்கேற்றார். தந்தை அதே வளாகத்தில் ஆசிரியராக இருந்ததும், வீடு சென்னையிலேயே இருந்ததும் லலிதாவின் வெற்றிக்குத் துணைநின்ற சூழல்கள் என்பதைக் கருதும்போது, முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்த மண்டபம் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் எட்டாத தொலைவில் இருந்தது என்பது விளங்கும்.

அந்த இடைவெளியை இராமேசுவரத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்று நிகழ்வு துலக்குகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் படிப்பை முடித்துக் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் 1950களின் நடுவில் சேர முற்பட்டபோது, சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 1,000 ரூபாயை அவர் தந்தையால் திரட்ட முடியவில்லை. அவருடைய சகோதரி சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து அத்தொகையைக் கொடுத்ததைக் கலாம் தம் தன்வரலாற்றில் நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார். இந்தியாவின் விண்வெளி, ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்குத் தலைமை தாங்கிய ஒருவரின் பொறியியல் கல்வி இக்கரைப் பெண் ஒருவரின் நகையின்மேல் தொடங்கியது. அன்றைய சமூக அமைப்பில் குடும்பத்தின் தங்கம் மகனின் படிப்புக்கு உருகியது. மகளுக்கு அது திருமணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. சோஹரா போன்ற எண்ணற்ற பெண்களின் ஈகைக்குக் கடன்பட்ட சமூகம், அவர்களுடைய பேத்திகளின் கல்விக்குப் பொதுநிதியிலிருந்து செலவிட வேண்டிய கடமை உடையது என்பதைப் பின்வந்த அரசுத் திட்டங்களின் உள்ளுறையாகவே கொள்ளலாம்.

வடக்கே வளர்ந்த கல்வி

விடுதலைக்குப் பின் அன்றைய விரிந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் உயர்கல்வி வேர்கொண்டது கடலோரத்தில் அன்று; வடமேற்கிலிருந்த செட்டிநாட்டுப் பகுதியில் ஆகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரியையும், 1952இல் பொறியியல் கல்லூரியையும் தோற்றுவித்தார். அவர் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கென்று அமைந்த கல்லூரிகளுள் இப்பகுதியினருக்கு அண்மையில் இருந்தவை மதுரையிலேயே இருந்தன: 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும், 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியும் அவற்றுள் முதன்மையானவை. விடுதியில் தங்கிப் படிக்க வைக்கும் வசதியும் துணிவும் இருந்த வீடுகளின் பெண்களே அங்குச் செல்ல முடிந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன் பாலத்தின் இருப்புப்பாதையையும் சிதைத்தபோது, தீவின் மக்களை வெளியுலகோடு இணைத்த ஒரே வழி எவ்வளவு மெல்லியது என்பது புலப்பட்டது; பாலம் நாற்பத்தாறு நாட்களில் செப்பனிடப்பட்டாலும், தீவிலிருந்து சாலைவழியே வெளியேற மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

கல்லூரிக்குச் செல்ல இயலாத பெண்களுக்குச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இருந்த முதல் தொழில்நுட்பப் பள்ளி தட்டச்சு நிலையமே. ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்’ என்று பலகை மாட்டிய ஓர் அறையில், வரிசையாக வைத்த ரெமிங்டன் பொறிகளில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்று, மாநிலத் தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்தும் அரசுத் தேர்வில் ‘லோயர்’, ‘ஹையர்’ என இரு நிலைகளில் தேறுவது, பத்தாம் வகுப்பு முடித்த பெண்களின் வழக்கமாக 1960களிலிருந்து 1990கள்வரை நீடித்தது. வீட்டுக்கு அருகில் இருந்ததாலும், கட்டணம் குறைவாக இருந்ததாலும், அரசு அலுவலகப் பணிக்கு உதவியதாலும் பெற்றோர் தயங்காமல் அனுப்பினர். விசைப்பலகையின்மேல் விரல் பழகிய அத்தலைமுறைப் பெண்களே, அதே நிலையங்கள் 1990களில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’களாக மாறியபோது முதலில் உள்ளே சென்றவர்கள். தமிழ்நாட்டில் பெண்களின் கணினிக் கல்வி பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஊர்களுக்குப் பரவியது என்ற பொதுக்கருத்தோடு, ஊர்த்தெருவிலிருந்தே மேலெழுந்த இந்த மற்றொரு மரபையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1980கள்: ஒரே பத்தாண்டில் பல வாயில்கள்

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி, அதாவது பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளியிலேயே நடத்தப்படும் முறை, வந்ததால் பெண்கள் தம் ஊர்ப்பள்ளியிலேயே கூடுதலாக இரண்டாண்டு படிக்க வழி ஏற்பட்டது. 1984இல் நடுவண் அரசு பள்ளிகளில் கணினி அறிவை அறிமுகப்படுத்தும் ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்னும் சிறு கணினிகளை வழங்கியது. அதே 1984இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி தோன்றியது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் உருவானபோது, காரைக்குடியின் கல்வி நிறுவனங்கள் எல்லைக்கு வெளியே போயின. அந்த ஆண்டே அழகப்பா பல்கலைக்கழகமும் அங்கு அமைந்தது. எஞ்சிய கடலோர மாவட்டம் தனக்கென்று கல்விக்கூடங்களை எழுப்பிக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் 1988 தனித்துக் குறிக்கத்தக்க ஆண்டு. கீழக்கரையில் பிறந்து வணிகத்தில் உயர்ந்த பி. எஸ். அப்துர் ரகுமானின் முயற்சியால், சீதக்காதி அறக்கட்டளையின்கீழ் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி அவ்வாண்டில் கீழக்கரையில் தொடங்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கிய இஸ்லாமியக் குடும்பங்களுக்கும், மீனவக் குடும்பங்களுக்கும் இது வீட்டருகே அமைந்த முதல் மகளிர் கல்லூரியாக அமைந்தது. கணினி அறிவியலும் அதன் பாடப்பிரிவுகளில் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை இரயிலையும் படகையும் மட்டுமே நம்பியிருந்த தீவிலிருந்து மண்டபத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் பேருந்து ஓடத் தொடங்கியதால், காலையில் சென்று மாலையில் வீடு திரும்பிப் படிக்கும் வாழ்க்கை தீவுப் பெண்களுக்கு முதன்முறையாக வாய்த்தது. விடுதிச் செலவையும் விடுதி பற்றிய பெற்றோரின் அச்சத்தையும் ஒருசேரக் குறைத்த வகையில், அப்பாலம் இவ்வட்டாரத்தின் பெண்கல்வி வரலாற்றில் எந்தக் கல்லூரிக்கும் குறையாத இடத்தைப் பெறுகிறது.

மறு ஆண்டான 1989இல் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவுகள் இவ்வாயில்களை அகலப்படுத்தின. அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது, குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமவுரிமை தரும் சட்டத் திருத்தம் நிறைவேறியது, ஈ. வெ. ரா. நாகம்மையார் பெயரிலான திட்டம் பெண்களின் பட்டப்படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகை அளித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரையேனும் படித்திருக்கும் ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் வழங்கியது. திருமணச் செலவுக்கு உதவுவதே அதன் வெளிநோக்கமாயினும், படிப்பை அதற்கு நிபந்தனையாக்கியதால் பெண்ணை இடையில் நிறுத்தாமல் பள்ளியில் வைத்திருக்கும் தூண்டுதலாக அது செயல்பட்டது.

மென்பொருள் காலமும் மாறுபட்ட இரு பாதைகளும்

உலக வரலாற்றில் கணினித் துறையின் தொடக்கம் பெண்களோடு நெருங்கியது. 1946இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த குழுவில் ஆறு பெண்கள் இருந்தனர். எனினும் அந்நாட்டில் 1984 அளவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றோருள் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு, வீட்டுக் கணினி சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்ட பிந்தைய ஆண்டுகளில் தொடர்ந்து சரிந்து, 2010களில் பாதி அளவுக்கு வந்தது. அச்சரிவைத் தடுக்கவே அனிதா போர்க்கும் டெல்லி விட்னியும் 1994இல் கிரேஸ் ஹாப்பர் பெயரில் பெண் கணினியாளர் மாநாட்டைத் தொடங்கினர்; அதன் இந்தியப் பதிப்பு 2010இல் பெங்களூரில் கூடியது.

தமிழ்நாட்டின் பாதை இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1997இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000இல் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பொறியியல் சேர்க்கை 1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக, அதாவது மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் மதிப்பெண் வரிசைப்படி இடம் தேர்ந்தெடுக்கும் முறையில், நடைபெறத் தொடங்கியது. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபோது, நகரப் பயிற்சி மையங்களுக்குச் செல்ல இயலாத கிராமப்புற மாணவியரின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அவர்களுக்குப் போதுமான தகுதியாயிற்று. கட்டட வேலையும் இயந்திரப் பட்டறையும் பெண்ணுக்குத் தகாதவை என்று கருதிய பெற்றோர், குளிர்பதன அறையில் அமர்ந்து செய்யும் கணினி வேலையைப் பாதுகாப்பானதாகவும் மதிப்புள்ளதாகவும் ஏற்றனர். இந்தக் கருத்து ஒருவகையில் பெண்ணை அறைக்குள் வைக்கும் பழைய எண்ணத்தின் தொடர்ச்சியே என்றாலும், அதன் விளைவாக ஆயிரக்கணக்கான பெண்கள் கணினித் துறைக்குள் நுழைந்தனர் என்பது மறுக்க இயலாத உண்மை. 1998இல் இராமநாதபுரத்தில் சையது அம்மாள் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதும், பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இம்மாவட்டத்துக்கு வந்ததும், இராமேசுவரத்தில் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி அமைந்ததும் இவ்வலையின் தொடர்ச்சிகளாகும்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு ஆங்கிலம் மற்றொரு கடலாக நின்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாடு தமிழ் விசைப்பலகைக்கு ஒரு தரத்தை வகுத்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழிலும் வெளிவந்தன. 2018-19இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு சி++ மொழியும், அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழியும் பாடமாயின. மாறி, செயற்கூறு, மடக்கு என்று நிரலாக்கத்தின் அடிப்படைக் கருத்துகளைத் தாய்மொழியிலேயே கற்றறிந்த மாணவி, கல்லூரியில் அவற்றை ஆங்கிலத்தில் சந்திக்கும்போது கருத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து பயில வேண்டியதில்லை.

தங்கச்சிமடமும் மண்டபம் முகாமும்

கல்லூரிக்கு வெளியே கணினி இக்கரையை வந்தடைந்த மற்றொரு வழி எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. அந்நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதி ஊர்களில் தகவல் மையங்களை அமைத்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களைப் பெருமளவில் அவற்றின் பொறுப்பாளர்களாக்கியது. எல்லாச் சாதியினரும் தடையின்றி வரக்கூடிய இடமாக மையம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்த அம்முயற்சி 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது. 2004 அக்டோபரில் இஸ்ரோவுடன் இணைந்து, செயற்கைக்கோள் வழியே ஊர்களை இணைக்கும் கிராம வள மையங்கள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டபோது, முதல் மையங்களுள் ஒன்று மண்டபத்துக்கு நேர் எதிரே, பாம்பனுக்கு அப்பாலுள்ள தங்கச்சிமடத்தில் அமைந்தது. காற்றின் வேகம், மீன்வளம் மிகுந்த கடற்பகுதி, சந்தை விலை, மருத்துவ ஆலோசனை ஆகியவை திரையில் வந்தபோது, கணினி என்பது சென்னைக்குப் போய் வேலை பார்க்கும் கருவி மட்டுமாக இல்லாமல், தம் ஊருக்குள்ளேயே தம் மக்களுக்குப் பயன்படக்கூடிய கருவி என்பதைப் பெண்கள் கண்கூடாகக் கண்டனர்.

மண்டபம் முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண்களின் வரலாறு இன்னும் கடினமானது. அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் தமிழ்நாடு அரசு 1980களில் அளித்த இடங்கள் 1991க்குப் பின் நிறுத்தப்பட்டு, 1996க்குப் பின் மீண்டும் வழங்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் தம் பருவத்தையே இழந்தனர். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சா. செ. சந்திரகாசன் 1984இல் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்விக்கு இடைவிடாமல் துணைநின்றது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்த 317 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டத்தில், பொறியியலில் சேரும் முகாம் மாணவர்களுள் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதும் சேர்ந்தது. குடியுரிமை இல்லாத காரணத்தால் அரசுப் பணிகள் அடைபட்டிருக்கும் இப்பெண்களுக்குக் கணினிப் பட்டம் தனியார் துறையில் கிடைக்கக்கூடிய மிகச் சில வழிகளுள் ஒன்றாகும். அவ்வழியும் கடவுச்சீட்டு இல்லாமையால் வெளிநாட்டுப் பணிகளின் எல்லையில் நின்றுவிடுகிறது.

இன்றைய வாய்ப்புகள்

2010 முதல் வந்த திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இன்று ஒரு மண்டபம் மாணவிக்குக் கிடைக்கும் உதவிகளின் தொகுப்பாக நிற்கின்றன. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழி சேர்பவரின் கற்பிப்புக் கட்டணத்தைக் குறைக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், வீட்டில் கணினி கண்டிராத இலட்சக்கணக்கான மாணவ மாணவியரின் கைகளில் முதற்கணினியைச் சேர்த்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அவ்வாறு சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களையும் அரசே செலுத்துகிறது. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது.

2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தாலிக்குத் தங்கம் வழங்கும் அளவுக்கு வளர்ந்திருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படுகிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது விரிந்தது. ஒருகாலத்தில் சகோதரனின் பொறியியலுக்காக ஒரு பெண் தன் தங்கத்தைக் கழற்றித் தந்த கரையில், திருமணத் தங்கத்துக்கு ஒதுக்கிய பொதுநிதி மகளின் படிப்புக்கே நேரடியாகச் செல்வது, சமூகம் தன் முன்னுரிமையை மாற்றிக்கொண்டதன் சான்றாகும்.

நடுவண் அளவில், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் பிரகதி உதவித்தொகை, ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களின் பெண்களுக்கு ஆண்டுதோறும் 50,000 ரூபாய் தருகிறது. ஒரு குடும்பத்தில் இருவர்வரை பெறலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2018 முதல் பெண்களுக்கென மேலெண் இடங்கள், அதாவது இருக்கும் இடங்களைக் குறைக்காமல் கூடுதலாக உருவாக்கப்படும் இடங்கள், ஏற்படுத்தப்பட்டு, பெண்களின் பங்கு 2020இல் 20 விழுக்காட்டை எட்டுமாறு வகுக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு, ஜேஇஇ என்னும் நுழைவுத் தேர்வு இல்லாமலே, தன் தகுதித்தேர்வின் வழியாகச் சேர்த்துக்கொள்கிறது. பாடங்களை வீட்டிலிருந்தே கற்று, தேர்வுகளை மட்டும் நேரில் எழுத வேண்டும். வருவாய் குறைந்த குடும்பத்தினருக்கும் பட்டியலினத்தவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. 2003 முதல் வளர்ந்துவரும் என்பிடெல் என்னும் இணையவழிப் பாடத் திட்டத்தின் ஒளிப்பதிவுகளைக் கட்டணமின்றிக் காணலாம். இவையெல்லாம் மண்டபம் மாணவிக்குச் சென்னையின் வகுப்பறையை இல்லத்துக்கே கொண்டுவரும் வாய்ப்புகள்.

எஞ்சியிருக்கும் தொலைவு

இத்தனை வாயில்கள் திறந்த பின்னும் இராமநாதபுரம், 2018இல் நடுவண் அரசு வகுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பழைய பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை தீவு இரயில் இல்லாமல் இருந்தது. தொலைவு என்னும் பழைய தடை எந்நேரமும் திரும்பி வரக்கூடியது என்பதை அது உணர்த்தியது. இதனினும் பெரிய தடை பட்டத்துக்கும் பணிக்கும் இடையே உள்ளது. கணினி அறிவியலில் தேறிய பெண்ணுக்கு வேலை சென்னையிலோ பெங்களூரிலோ கோவையிலோ இருக்கிறது. கல்லூரிக்குப் பேருந்தில் போய்வர இசைந்த குடும்பம், தொலைநகரில் தனித்துத் தங்க மகளை அனுப்பும்போது தயங்குகிறது. அத்தயக்கம் பலமுறை திருமணத்தில் முடிகிறது. பட்டம் பெற்றும் துறைக்குள் போகாமல் நின்றுவிடும் பெண்களே இன்றைய இழப்பாவர்.

இந்த இழப்பைக் குறைக்கும் வழியை இவ்வட்டாரத்தின் வரலாறே காட்டுகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய நகரங்களுக்குச் சிறு டைடல் பூங்காக்கள் வந்துவிட்டன. அத்தகைய பணியிடம் இராமநாதபுரத்துக்கும் வர வேண்டும். பணிபுரியும் மகளிருக்கான அரசின் தோழி விடுதிகள் பற்றிய செய்தி கல்லூரி இறுதியாண்டிலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லப்பட வேண்டும். மண்டபத்திலுள்ள கடல்சார் ஆய்வு நிலையங்களின் தரவுகளை ஆராயவும், மீனவர்களுக்கான செயலிகளை வடிவமைக்கவும் உள்ளூர்க் கல்லூரி மாணவியருக்குப் பயிற்சியிடம் அளிக்கப்பட்டால், கடலை அறிந்த தாயின் அறிவும் நிரலை அறிந்த மகளின் அறிவும் ஒரே பணியில் சேரும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, உதவித்தொகைகளும் ஒதுக்கீடுகளும் உரிய காலத்தில் உரியவருக்குத் தெரிய வேண்டும். அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்தால்தான் சில உரிமைகள் கிடைக்கும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் அறிவதால் பயனில்லை. ஆறாம் வகுப்பில் மகளைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோர் அதை அறிந்திருக்க வேண்டும். மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உள்ள ஆசிரியர்களும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும், பள்ளிவாசல், தேவாலய, கோயில் நிருவாகங்களும், முகாம் பொறுப்பாளர்களும், ஏற்கெனவே படித்து வேலையிலிருக்கும் இக்கரைப் பெண்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றுகூடி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள ஒவ்வொரு மாணவியிடமும் இச்செய்தியைக் கொண்டுசேர்க்க வேண்டும். வாய்ப்புகள் சட்டமாகவும் ஆணையாகவும் எழுதப்பட்டுவிட்டன. அவற்றை வீடுதோறும் எடுத்துச் செல்வது இத்தலைமுறையின் கடமை.